அம்மா கவலைக்கிடம்

இரும்புலியூர் காலனியில் ஸ்ரீரங்கனைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் பேப்பர் படிக்காதவராக இருக்க வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வழியில்லை, மின்சார ரயிலில் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் அடிக்கடி அவர் பெயர் வரும். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கடிதப் பிரிவிலேயே காலத்தைத் தள்ளி ஓய்வு பெற்றவர். எதையும் அதற்குரிய முறைப்படி எழுதிப் போட்டால் நடந்துவிடும் என்பது அவர் கட்சி. நடக்கவில்லையென்றால் எழுதின முறை சரியில்லை என்று அர்த்தம். தெருவிளக்கு கடைசியில் எரிந்ததா என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்கக் கூடாது.

இவருக்கு ஒரே பிள்ளை பத்ரி. வண்டலூருக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், அல்லது படிக்கிறான் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அரியர்ஸ் மேல் அரியர்ஸ் ஏறி, கடைசி வருஷம் கல்லூரிப் பக்கமே போகாமல், டிபன் டப்பாவோடு பீச் ஸ்டேஷன் வரை ரயிலில் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தான் பிள்ளையாண்டான். விஷயம் வெளிவந்த அன்று வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஸ்ரீரங்கன் கை நீட்டிவிட்டார். "உன்னைப் பிள்ளைன்னு சொல்லிக்கவே வெட்கமா இருக்கு" என்று வேறு சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பத்ரியைக் காணோம்.

சில வாரங்கள் கழித்து எங்கிருந்தோ ஒரு பூத்திலிருந்து போன் வந்தது. எடுத்தவள் அம்மா பட்டு. "உயிரோட இருக்கேம்மா. என்னைத் தேடாதீங்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். மேஜரான பையன், போனும் பண்ணிவிட்டான், இனி நாங்கள் என்ன செய்ய முடியும் என்று போலீஸில் கையை விரித்துவிட்டார்கள்.

ஸ்ரீரங்கன் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். போட்டோவுக்குக் கீழே வழக்கமான வாசகம்தான்: "பத்ரி, யாரும் உன்னைத் திட்டமாட்டோம். அம்மா கவலைக்கிடம். உடனே வரவும்."

பட்டு அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கவலைக்கிடமாக இருக்க வேண்டியவள் அப்போது மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏன்னா, உங்க தங்கை பிள்ளை பம்பாய்க்கு ஓடினப்போ இதையேதானே எழுதிக் கொடுத்தேள்? அவன் அலறி அடிச்சுண்டு வந்தான், அவன் அம்மா தோசைக் கரண்டியோட கதவைத் திறந்தா. அன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சவன் யாரு? நம்ம பத்ரி. இதை அவன் நம்புவானா?"

"காணவில்லை விளம்பரம்னா அப்படித்தான் போடணும். அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றார் ஸ்ரீரங்கன்.

பத்ரி வரவில்லை. பேப்பரும் மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விட்டது. ஸ்ரீரங்கனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவன் அந்த ஒரு நாள் பேப்பர் பார்க்காமல் இருந்திருந்தால்?

அப்போது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஜாகிர் என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பிள்ளை குட்டிக்காரர். சென்டர் நடத்துவது சாக்கு. மொபைல் போன்களைப் பற்றி ஒரு பிளாக் எழுதி, அதில் விளம்பரம் ஓடவிட்டு, எந்தத் தலைப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று சதா பரிசோதனை செய்துகொண்டிருப்பதுதான் அவருடைய தொழில். முனிசிபாலிட்டிக்கு ஒரு மனுவை டைப் அடித்து வாங்கப் போன ஸ்ரீரங்கன், பிள்ளை விஷயத்தையும் அவரிடம் சொன்னார்.

"இன்னா சார் நீங்க, பேப்பரைப் போய் நம்பிக்கினு" என்றார் ஜாகிர். "பேப்பர் ஒரு நாள்தான் சார். பிளாக்ல போட்டா அது பாட்டுக்கு அங்கியே கீது. உங்க பையன் எங்கயோ ஒரு சென்டர்ல குந்திக்கினு என்னிக்காவது அவன் பேரை அவனே போட்டுத் தேடுவான். எல்லாரும் தேடுவாங்க. நானே என் பேரைத் தேடிக்கிறேன். அப்போ மொத ஆளா உங்க பக்கம் வந்து நிக்கணும். அதான் சார் மேட்டரு."

இரண்டு மூன்று விரல்களால் தமிழ் அடிக்கப் பழகிக்கொண்டு ஸ்ரீரங்கன் முதல் பதிவை எழுதினார். தலைப்பு 'ஒரு தந்தையின் மடல்'. ஒழுக்கம், உழைப்பு, பெற்றோர் சொல் கேட்டல் என்று பக்கம் பக்கமாக அறிவுரை. ஜாகிர் தலையைச் சொறிந்தார்.

"சார், தலைப்புலயே பையன் பேரு இல்லன்னா அவன் எப்டி சார் வந்து சேருவான்? அப்புறம், இவ்ளோ திட்டு வாங்கவா அவன் தேடிக்கினு வரப்போறான்?"

தலைப்பு 'பத்ரிநாராயணன், தகப்பனார் ஸ்ரீரங்கன், இரும்புலியூர்' என்று மாறியது. அதையே ஆங்கிலத்திலும் போட்டார்கள். மற்றவர்களின் பிளாக்கில் போய்ப் பின்னூட்டம் போட்டு, நம் பக்கத்தின் முகவரியை விட்டுவிட்டு வந்தால் தேடுபொறி நம்மை மேலே தூக்கும் என்று ஜாகிர் சொன்னார். ஸ்ரீரங்கன் அதையும் சிரத்தையாகச் செய்தார். துபாயில் இருந்து ஒரு அம்மாள் வத்தக்குழம்பு செய்முறை எழுதினால், அடியில் "குழம்பு அருமை. என் மகனைக் கண்டால் தெரிவிக்கவும், ஸ்ரீரங்கன், இரும்புலியூர்" என்று இருக்கும். கூட்டணி அரசியல் சண்டைக்கு நடுவிலும் அதே பின்னூட்டம். தமிழ் பிளாக் உலகத்தில் அவருக்குப் 'பெருசு' என்று பெயர் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டார்.

சில மாதங்களில் அந்தப் பெயரைத் தேடினால் அவர் பக்கம்தான் முதலில் வந்தது. ஜாகிர் எல்லோருக்கும் டீ சொன்னார். ஆனால் பத்ரிநாராயணன் என்று தேடி யாரும் வரவில்லை. பக்கத்துக்கு வருகிறவர்களின் ஊரையும், என்ன சொல்லைத் தேடி வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதையும் காட்டுகிற கவுண்ட்டர் ஒன்றை ஜாகிர் பொருத்திக் கொடுத்திருந்தார். அதில் சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று வம்பு படிக்க வருகிற கூட்டம்தான் தெரிந்தது.

பத்ரிக்குப் பிடித்த மோர்க்களி, அவன் வளர்த்த ரோஜாத் தொட்டி, தெருவில் புதிதாக வந்த ஆட்டோ ஸ்டாண்ட் என்று ஸ்ரீரங்கன் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தமக்குத் தெரிந்த முறைக்கே திரும்பினார். 'பத்ரி, அம்மா கவலைக்கிடம், உடனே வரவும்' என்று ஒரு பதிவு போட்டார்.

அந்த வாரம் கவுண்ட்டரில் ஒரு புது வரி விழுந்தது. ஊர்: புனே. தேடிய சொல்: பத்ரிநாராயணன் இரும்புலியூர். வந்தவர் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் இருந்திருக்கிறார். பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார்.

"மாட்டிக்கினான் சார்!" என்று ஜாகிர் மேஜையைத் தட்டினார். ஸ்ரீரங்கன் திரையில் இருந்த புனே என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்கு ஓடிப் போய்ப் பட்டுவிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். புனேவில் குளிருமா என்று கேட்டாள்.

இதற்கப்புறம்தான் ஆட்டம் ஆரம்பித்தது. எது வேலை செய்கிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய் என்பதுதான் ஜாகிரின் சாஸ்திரம். தேடும்போது தெரிகிற தலைப்பில் மோர்க்களி இருந்தால் புனே எட்டிப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு மார்வலி என்று எழுதினால் வந்துவிடுகிறது. சர்க்கரை ஏறி மயக்கம் என்றாலும் வந்தது. வாதத்தில் வலது கை விழுந்துவிட்டது என்று எழுதியபோது ஒரே நாளில் பலமுறை வந்து பார்த்தது. ஆனால் ஒரு பின்னூட்டம் இல்லை, ஒரு போன் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதினால் பிள்ளை கிளம்பிவிடுவான் என்று ஸ்ரீரங்கன் கணக்குப் போட்டார்.

பட்டு தினமும் காப்பி கொடுக்கும்போது கேட்பாள்: "இன்னிக்கு எனக்கு என்ன வியாதி?"

"சிறுநீரகம்."

"ஐயோ பாவம், நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்த கீரையை ஆய உட்காருவாள். கேலி செய்தாளே தவிரத் தடுக்கவில்லை. வியாதி எழுதின மறுநாள் புனே வந்ததா என்று கேட்க அவளுக்கும் ஆசைதான்.

ஆனால் ஸ்ரீரங்கன் அத்தோடு நிற்கவில்லை. ஆதாரம் இணைக்காத மனு செல்லாது என்று எங்கோ மண்டையில் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு ஞானையா ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்த ஈ.சி.ஜி. தாளை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, 'உன் தாயின் இருதயம்' என்று போட்டுவிட்டார். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த 'ஞானையா, ஆண்' என்பதை வெட்ட மறந்துபோனார். பெயர் போடாத ஒரு அனானி கண்டுபிடித்து, "பெருசு, உங்க சம்சாரம் ஆம்பளையா?" என்று கேட்டான். அவ்வளவுதான், தமிழ் பிளாக் உலகமே வந்து கும்மியடித்தது. இந்த ஊர் வம்புக்கு எப்போது கூட்டம் சேராமல் இருந்திருக்கிறது? அன்றைக்குப் புனேவும் வந்து எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனது. இனிமேல் பின்னூட்டங்கள் ஸ்ரீரங்கன் அனுமதித்தால்தான் வெளியில் தெரியும்படி ஜாகிர் மாற்றிவைத்தார்.

"விடுங்க சார், கலாய்ச்சாலும் ஹிட்டு ஹிட்டுதான்" என்று ஆறுதல் வேறு.

அடுத்த கோடையில் பட்டுவின் கண்கள் மஞ்சளாயின. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டுக் கணையத்தில் புற்று என்றார்கள். ஈரலுக்கும் போய்விட்டதாம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும் ஆட்டோவில் பட்டுதான் முதலில் பேசினாள். "இது உங்க லிஸ்ட்லயே இல்லையேன்னா."

ஸ்ரீரங்கன் ஆட்டோ என்றும் பாராமல் அழுதார். தாம் எழுதி எழுதித்தான் இதை வரவழைத்தோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இனி அந்தப் பிளாக்கைத் தொடுவதில்லை என்று இருந்தார். பட்டு விடவில்லை.

"இத்தனை நாள் பொய்யா எழுதினேளே, இப்போ நிஜமா எழுதுங்கோ. எனக்கு அவனைப் பாக்கணும்."

இத்தனை காலத்தில் அவள் வாய்விட்டு அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிள்ளை இருக்கிற இடத்தில் நன்றாக இருந்தால் போதும் என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். ஸ்ரீரங்கன் ஜாகிரின் சென்டருக்குப் போய் உட்கார்ந்தார். என்ன தலைப்பு வைப்பது என்றே தெரியவில்லை. இருக்கிற சொற்களை எல்லாம் முன்பே செலவழித்துவிட்டிருந்தார். கடைசியில், "பத்ரி, அம்மாவுக்குக் கேன்சர். இது நிஜம். அவள் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள்" என்று எழுதினார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து போட்டார். பட்டம்மாள், பெண் என்று அதில் தெளிவாகவே இருந்தது.

புனே வந்தது. படித்தது. சீக்கிரமே போய்விட்டது.

அதற்குள் ஒரு அனானி, "ரிப்போர்ட் இந்த முறை யாரோடது?" என்று எழுதியிருந்தான். ஸ்ரீரங்கன் அதை அழித்தார். மறுநாளும் எழுதினார். அதற்கடுத்த நாளும். "கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இது நிஜம்" என்றுகூட எழுதினார். புனே வருவதும் போவதுமாகவே இருந்தது. ஜாகிர் புனேவில் போன் கடை வைத்திருந்த தம் மச்சான் அக்தரைப் பிடித்து, பத்ரியின் போட்டோவை அனுப்பி, சென்டர் சென்டராக விசாரிக்கச் சொன்னார். அவ்வளவு பெரிய ஊரில் அக்தர் எங்கே போய்த் தேடுவார்?

"வந்தானா?" என்று பட்டு தினமும் கேட்டாள்.

"வந்தான். படிச்சான்."

"படிச்சானோல்லியோ, அப்போ வந்துடுவான்" என்பாள். வாசல் பக்கம் முகம் இருக்கும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்க முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். ஆடி பிறந்த கொஞ்ச நாளில் போய்விட்டாள்.

"பிள்ளை எங்கே?" என்று சடங்கு செய்து வைக்க வந்த வாத்தியார் கேட்டார். வெளியூரில் இருக்கிறான், வர முடியவில்லை என்றார் ஸ்ரீரங்கன். காரியங்களை அவரே செய்தார். ஜாகிர் கடையை மூடிவிட்டு வந்து, ஞானையாவோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பதிமூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்து உறவினர் எல்லாம் கிளம்பின பிறகு ஸ்ரீரங்கன் சென்டருக்கு வந்தார். ஒரு பதிவு அடித்தார். "இரும்புலியூர் ஸ்ரீரங்கனின் மனைவி பட்டம்மாள் ஆசாரியன் திருவடி அடைந்தாள். கடைசி வரை உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்." அலங்காரம் ஏதுமில்லை. அவர் எழுதியதிலேயே ஆகச் சிறிய பதிவு அதுதான்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது, அனுமதிக்காகக் காத்திருந்த பின்னூட்டங்களில் ஒன்றின் மேல் பத்ரி என்று பெயர் இருந்தது. ஸ்ரீரங்கன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அப்பா, போதும். அம்மாவையே சாகடிச்சுட்டேளா? நீங்க அம்மாவுக்கு வியாதி போடறச்சே எல்லாம் எனக்கு நிம்மதியா இருக்கும். அம்மா நன்னா நடமாடிண்டிருந்தாத்தானே உங்களுக்கு இப்படியெல்லாம் எழுதத் தோணும்? அதைப் பாக்கத்தான் வந்துண்டிருந்தேன். கேன்சர்னு போட்டப்போகூடச் சிரிச்சுண்டேன். ஆனா இது ரொம்ப அதிகம்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோயிடுவா. இங்கே எனக்கு நல்ல வேலை. எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்க வெட்கமா இருந்துது, அதான் வரலை. தீபாவளிக்கு அம்மாவைப் பாக்க வரேன். அம்மாகிட்டே இப்பவே சொல்லிடுங்கோ. இந்தப் பதிவை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடுங்கோ. பாக்க முடியலை."

தோளுக்கு மேலாகப் படித்த ஜாகிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன் நம்பர் எதுனா குடுத்துகிறானா சார்?"

"இல்லை."

"பதில் போடுங்க சார். நடந்ததைச் சொல்லிடுங்க. வேணும்னா என் பேர்ல நான் போடறேன்."

"நீ போட்டா மட்டும் நம்பிடுவானா?"

ஸ்ரீரங்கன் பின்னூட்டத்தைத் திரும்பவும் படித்தார். அம்மாவைப் பாக்க வரேன் என்றுதான் எழுதியிருந்தான். அப்பாவைப் பார்க்க என்று ஒரு சொல் அதில் இல்லை. நம்ப வைத்துவிட்டாலும், அப்புறம் அவன் யாரைப் பார்க்க வருவான்? அவனைப் பார்க்காமலே தாமும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

பட்டு இறந்த பதிவை எடுத்தார். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினார்.

பிறகு பத்ரிக்குப் பதிலாக ஒரு புதுப் பதிவு அடிக்க ஆரம்பித்தார். "எடுத்துவிட்டேன். அம்மா சௌக்கியம். உனக்குப் பிடித்த மோர்க்களி செய்து வைப்பதாகச் சொல்கிறாள். தீபாவளிக்கு அவசியம் வரவும்."

"வந்து அம்மா எங்கன்னு கேட்டா இன்னா சார் சொல்லுவீங்க?" என்று ஜாகிர் மெல்லக் கேட்டார்.

"வரட்டும்" என்றார் ஸ்ரீரங்கன். அடியில் அப்பா என்று சேர்த்து, 'வெளியிடு' என்பதை அழுத்தினார்.